பாறையில் நடுவழியில் மாட்டிக்கொண்டால்? – வாசகர் கேள்வி பதில்

பாறையேற்றம் பற்றி வந்த கடிதங்களில் பலவும் ஒரே கவலையைத்தான் பேசுகின்றன: ஏறும்போது ஒருவருக்கு அடிபட்டாலோ கயிறு சிக்கினாலோ, வெளியிலிருந்து உதவி வருவதற்கு முன் கூட்டாளிகள் இருவரும் தாங்களாகவே என்ன செய்ய முடியும்? அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்துத் தருகிறோம். புதியவர்களுக்காகச் சில சொற்கள்: முதலில் ஏறுபவர் லீடர், பின்னால் ஏறுபவர் செகண்ட். கயிறு கொடுத்துப் பிடிப்பவர் பிலேயர். ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறி முடிக்கும் பகுதி பிட்ச். பாறையில் போல்ட் அடித்தோ கருவி பதித்தோ நம்மைக் கட்டிக்கொள்ளும் இடம் ஆங்கர்.

கர்நாடகத்தின் பாதாமியில் ஒற்றை பிட்ச் வழிகள் ஏறிப் பழகியிருக்கிறோம். அடுத்து சாவனதுர்காவில் பல பிட்ச் ஏறலாம் என்று இருக்கிறோம். கூடுதலாக என்னென்ன கொண்டுபோக வேண்டும்? ஆளுக்கொரு பட்டியல் சொல்கிறார்கள். – வாசகர், ஒசூர்

ஒருவருக்கு இவ்வளவு போதும். 6 மி.மீ. நைலான் துணைக்கயிற்றில் கட்டிய புருசிக் வளையம் (ஏறு கயிற்றில் சுற்றினால் எடை விழும்போது இறுகிப் பிடிக்கும் வளையம்) இரண்டு. 7 மி.மீ. துணைக்கயிறு 6 மீட்டர், அதாவது கார்டலெட், ஒன்று. 120 செ.மீ. நைலான் ஸ்லிங், அதாவது பட்டை வளையம், ஒன்று. பூட்டுள்ள காரபினர் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி) மூன்று. அவற்றில் குறைந்தது இரண்டு பேரிக்காய் வடிவ எச்.எம்.எஸ். வகையாக இருக்க வேண்டும். கைடு மோடு வசதியுள்ள பிலே தகடு ஒன்று (பிலே தகடு என்பது கயிற்றை உராய்வால் பிடிக்கும் கருவி; அதை ஆங்கரிலேயே மாட்டி, செகண்டின் எடை விழுந்தால் தானே பூட்டவைப்பது கைடு மோடு). சின்ன மடக்குக் கத்தி, விசில், தலைவிளக்கு. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டாது.

இந்தப் பட்டியலைவிட முக்கியமானது, இருவரிடமும் தனித்தனியாக ஒரு செட் இருக்க வேண்டும் என்பது. 'இரண்டு பேருக்கு ஒரு செட் போதாதா' என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அடிபட்டவர் இருபது மீட்டர் மேலே தொங்கும்போது, புருசிக் அவர் இடுப்பில் இருந்தால் உங்களுக்கு அது இல்லாததற்குச் சமம்.

புருசிக் வளையத்துக்கு 1.5 மீட்டர் கயிறு வெட்டி, இரு முனைகளையும் இரட்டை மீனவர் முடிச்சால் இணையுங்கள். முடிச்சைத் தாண்டி வால் 6 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வளையம் சுமார் அரை மீட்டர் நீளம் வரும். வாங்கும்போது உறையில் 'ஈ.என். 564' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தின்படி கயிற்றின் தடிமனை மி.மீ.யில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 0.2-ஆல் மீண்டும் பெருக்கினால் வருவதுதான் அது தாங்க வேண்டிய குறைந்தபட்ச பலம்: 5 மி.மீ.க்கு 5 கிலோநியூட்டன், 6 மி.மீ.க்கு 7.2, 7 மி.மீ.க்கு 9.8. முடிச்சுப் போட்டால் இதில் கணிசமாகக் குறையும். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் பளபளப்பான பாலிபுரொப்பிலீன் கயிறு அதே தடிமனில் இருந்தாலும் வேண்டவே வேண்டாம். உராய்வுச் சூட்டில் சீக்கிரம் உருகும்; வெயிலில் நொறுங்கிப்போகும்.

ஸ்லிங் விஷயத்திலும் இதே சூட்டுக் கணக்குதான். டைனீமா ஸ்லிங் மெலிதாக, இலேசாக இருக்கும். ஆனால் ஏறக்குறைய 145 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நைலான் உருக 200 டிகிரிக்கு மேல் வேண்டும். டைனீமா வழுக்கவும் செய்யும். அவசரத்தில் ஸ்லிங்கையே கயிற்றில் சுற்றிப் பிடிமுடிச்சாக்க வேண்டி வந்தால் நைலான்தான் கைகொடுக்கும்.

தலைவிளக்கைப் பலரும் 'காலையில் ஏறி மதியம் இறங்கிவிடுவோம்' என்று காரிலேயே வைத்துவிடுகிறார்கள். சாவனதுர்கா போன்ற நீண்ட சரிவுப் பாறையில் ஒரு கயிறு சிக்கினால் இரண்டு மணி நேரம் போய்விடும். இருட்டில் முடிச்சு தெரியாமல் செய்யும் தவறுதான் சின்னச் சிக்கலைப் பெரிய விபத்தாக்குகிறது. விசிலுக்கும் ஒரு முறை உண்டு: ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று ஊதல் கேட்டால் உங்கள் குரல் யாரையோ எட்டிவிட்டது என்று பொருள். இரவில் தலைவிளக்கை மினுக்கியும் இதையே செய்யலாம்.

என் புருசிக் ஒரு கயிற்றில் வழுக்குகிறது. நண்பரின் கயிற்றில் இறுகி அவிழவே மாட்டேன் என்கிறது. முடிச்சில் தவறா, கயிற்றில் தவறா? – வாசகி, கோவை

இரண்டிலும் இருக்கலாம். ஆஸ்திரியரான கார்ல் புருசிக் 1931-இல் இந்த முடிச்சை விளக்கி எழுதினார். அன்று முதல் இன்று வரை இது வேலை செய்வது தடிமன் வித்தியாசத்தை நம்பித்தான். சுற்றும் கயிறு, சுற்றப்படும் கயிற்றைவிடத் தெளிவாக மெலிந்திருக்க வேண்டும். 9.5 முதல் 10 மி.மீ. வரையான ஏறு கயிற்றுக்கு 6 மி.மீ. சரியாக இருக்கும். நண்பர்களின் கயிறு 9 மி.மீ.க்கும் கீழே என்றால் 5 மி.மீ.க்குப் போங்கள். புதுக் கயிறும் மழையில் நனைந்த கயிறும் வழுக்கும். அப்போது மூன்று சுற்றுக்குப் பதில் நான்கு சுற்றுங்கள்.

சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படிந்திருக்க வேண்டும். வளையத்தின் மீனவர் முடிச்சு சுற்றுகளுக்குள் புகுந்துவிடக் கூடாது. காரபினரிலும் போய் உட்காரக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஓரமாகத் தொங்கட்டும். சுற்றி முடித்ததும் ஒரு முறை பலமாகக் கீழே இழுத்துப் பாருங்கள். பிடித்தால்தான் அதில் எடையை விட வேண்டும்.

இறுகி அவிழாததற்கு மருந்து, வேலைக்கேற்ற முடிச்சைப் போடுவது. சாதாரணப் புருசிக் இரண்டு பக்கமும் பிடிக்கும். ஆனால் எடை தொங்கும்போது அதைத் தளர்த்துவது கடினம். கயிற்றில் ஏறுவதற்கும் சுமையைப் பிடித்து நிறுத்துவதற்கும் அது ஏற்றது. ராப்பெல், அதாவது கயிற்றில் தகடு மாட்டி வழுக்கி, இறங்கும்போது காவலாக வைக்க ஆட்டோபிளாக் நல்லது: வளையத்தைக் கயிற்றில் நான்கைந்து முறை சுற்றி, இரு முனைகளையும் ஒரே காரபினரில் மாட்டுவது. எடை இருக்கும்போதும் மேலிருந்து கையால் அழுத்தினால் அது நழுவிக்கொடுக்கும். அந்தக் குணத்தாலேயே ஒருவரின் உயிரை அதில் மட்டும் நம்பித் தொங்கவிடக் கூடாது. கிளெம்ஹைஸ்ட் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும். ஸ்லிங்கால் போட வேண்டி வந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

லீடர் விழுந்து மயங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நான் பிலேயர்; என் கை கயிற்றிலிருந்து நகர முடியாது. எப்படி விடுபடுவது? செய்முறையை ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள். – வாசகர், சென்னை

முதலில், விடுபட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். 60 மீட்டர் கயிற்றில் லீடர் 30 மீட்டருக்குள் இருந்தால், அவரை அப்படியே மெதுவாக உங்கள் நிலைக்கு இறக்கிவிடலாம். எந்த முடிச்சும் வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் அதுதான் வேகமான மீட்பு. கயிற்றின் நடுவில் அடையாளம் போட்டிருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். நடு அடையாளம் உங்கள் தகட்டைத் தாண்டிப் போய்விட்டதா இல்லையா என்பது முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். தாண்டிவிட்டிருந்தால், இறக்கினாலும் அவர் உங்களை எட்ட மாட்டார். அப்போதுதான் பின்வரும் வேலை.

இதை முழுக்க ஆளும் விதி ஒன்றுதான்: புதிய பிடி சுமையை வாங்கிய பிறகே பழைய பிடியை விட வேண்டும்.

தகட்டைக் கட்டுவதுதான் தொடக்கம். பிரேக் கையை (தகட்டிலிருந்து வெளிவரும் பிரேக் கயிற்றைப் பிடித்திருக்கும் கை) விடாமல், பிரேக் கயிற்றில் ஒரு மடி எடுத்து பிலே காரபினருக்குள் நுழைத்து இழுங்கள். அந்த மடியால், தகட்டுக்கு மேலே விறைத்து நிற்கும் சுமைக்கயிற்றில் மியூல் முடிச்சு போடுங்கள். எஞ்சிய மடியால் அதே சுமைக்கயிற்றைச் சுற்றி ஒரு சாதா முடிச்சு. மடி 30 செ.மீ.யாவது மிஞ்ச வேண்டும். மியூல் முடிச்சின் சிறப்பு, எடை தொங்கும்போதே இழுத்து அவிழ்க்கலாம் என்பது. அதே காரணத்தால் தற்செயலாகவும் அவிழும். சாதா முடிச்சு அதற்குக் காவல். தகட்டுக்குப் பதில் கிரிகிரி என்ற தானே பூட்டும் கருவி வைத்திருந்தால் அதை ஒட்டி பிரேக் கயிற்றில் ஒரு மடி முடிச்சு போட்டால் போதும்.

இப்போது இரு கைகளும் உங்களுடையவை. அரை நிமிடம் நின்று பாருங்கள். கூப்பிட்டால் பதில் வருகிறதா? மூச்சு தெரிகிறதா? ஹெல்மெட் தலையில் இருக்கிறதா? போனில் சிக்னல் இருந்தால் 112-ஐ இப்போதே அழையுங்கள். மீதி வேலை முடியப் பத்துப் பதினைந்து நிமிடமாகலாம். உதவி அதற்குள் கிளம்பியிருக்கும்.

அடுத்து, சுமைக்கயிற்றில் தகட்டுக்கு மேலே கை எட்டும் தூரத்தில் புருசிக் போட்டு, அதில் ஒரு பூட்டுக் காரபினரை மாட்டுங்கள். அந்தக் காரபினரில் கார்டலெட்டின் ஒரு முனையைக் கட்டி, மறுபக்கத்தை ஆங்கரில் மாட்டிய எச்.எம்.எஸ். காரபினரில் மன்டர் சுருக்காக (காரபினரிலேயே சுற்றி, உராய்வால் பிடிக்கவும் மெதுவாக விடவும் உதவும் சுருக்கு) போட்டு, தொய்வே இல்லாமல் இழுத்து, மியூலும் சாதா முடிச்சும் சேர்த்துக் கட்டுங்கள். பலர் இங்கே அவசரப்பட்டு ஒரு ஸ்லிங்கால் புருசிக்கை ஆங்கரோடு நேரே இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எடை அதற்கு மாறிய பிறகு எதையும் தளர்த்த வழியிருக்காது; கத்தியை எடுக்கும் நிலைமை வரும். எடை தொங்கும் கயிறு கத்தி பட்ட மாத்திரத்தில் அறுந்துவிடும். பக்கத்தில் இருக்கும் வேறொரு கயிறும் அதேபோல் போய்விடலாம்.

எடையை மாற்றும் முன் ஒரு காவல்: பிரேக் பக்கக் கயிற்றில் எட்டு முடிச்சு போட்டு ஆங்கரில் தனிக் காரபினரில் மாட்டுங்கள். இப்போது புருசிக் வழுக்கினாலும் லீடர் தரைவரை போக மாட்டார். பிறகு தகட்டின் மேல் போட்ட மியூலை அவிழ்த்து, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தகடு வழியே விடுங்கள். எடை புருசிக்குக்குப் போகும், கார்டலெட் விறைக்கும். ஒரு கணம் பொறுத்து, சுற்றுகள் வழுக்குகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பிடித்திருந்தால் தகட்டைக் கழற்றுங்கள்.

இன்னும் முடியவில்லை. ஒரு 6 மி.மீ. கயிற்றில் ஓர் ஆளை விட்டுவிட்டுப் போகக் கூடாது. கழற்றிய ஏறு கயிற்றையே ஆங்கரில் இன்னொரு எச்.எம்.எஸ். காரபினரில் மன்டராகப் போட்டு, தொய்வை இழுத்து, மியூல் முடிச்சால் கட்டுங்கள். பிறகு கார்டலெட்டின் மியூலை அவிழ்த்து, அதன் மன்டர் வழியே மெதுவாக விட்டால் எடை ஏறு கயிற்றுக்கே திரும்பும். புருசிக்கும் கார்டலெட்டும் உங்கள் கைக்கு வந்துவிடும். அடுத்த வேலைக்கு அவை வேண்டும். இந்த நிலையில் நீங்கள் சுதந்திரமாக நகரலாம். வேண்டும்போது அதே மன்டரால் லீடரை இறக்கவும் செய்யலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். லீடர் விழுந்தால் பிலேயர் மீது இழுவை மேல்நோக்கி வரும். ஆங்கர் போல்ட்டாக இருந்தால் கவலையில்லை. வெடிப்பில் பதித்த நட், கேம் போன்ற கருவிகள் என்றால் கீழ்நோக்கிய இழுவைக்கு மட்டும் வைத்தவை பிடுங்கிக்கொள்ளும். மேல்நோக்கிப் பிடிக்கும் ஒரு கருவியாவது ஆங்கரில் இருக்க வேண்டும். இன்னொன்று: விழுந்தவரைத் தாங்கும் அந்தக் கடைசிக் கருவியில் அவர் எடை மட்டும் இல்லை, கயிற்றின் இந்தப் பக்க இழுவையும் சேர்ந்து தொங்குகிறது. அது எப்படிப் பதிந்திருக்கிறது என்று தெரியாமல் அதே கயிற்றில் புருசிக் போட்டு மேலே ஏறிவிடாதீர்கள்.

செகண்ட் கைடு மோடு தகட்டில் எடையோடு தொங்குகிறார், ஏறவும் முடியவில்லை. தகடு பூட்டிக்கொண்டது. எப்படி இறக்குவது? – வாசகர், பெங்களூரு

ஓரிரு அடி மட்டும் போதும் என்றால், தகட்டில் கயிற்று மடிகளைப் பிடித்திருக்கும் காரபினரை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சில சென்டிமீட்டர் நழுவும்.

அதற்கு மேல் இறக்க, தகட்டின் சிறிய துளையில் மெலிந்த கயிறோ காரபினரோ மாட்டி, அதில் ஒரு ஸ்லிங் கட்டி, ஆங்கரின் உயரமான இடத்தில் உள்ள காரபினர் வழியே திருப்பி உங்கள் ஹார்னெஸ்ஸில் (இடுப்புப் பட்டை) மாட்டி, உடல் எடையால் சாய்ந்து தகட்டை நிமிர்த்த வேண்டும். இதில் ஆபத்து எங்கே என்றால், தகடு படிப்படியாகத் திறப்பதில்லை. ஒரு கட்டம் வரை அசையாது. அதைத் தாண்டியதும் மொத்தமாக விட்டுவிடும். கையில் வெறும் கயிறு மட்டும் இருந்தால் உள்ளங்கை வெந்து செகண்ட் சரசரவென்று போய்விடுவார். ஆகவே தகட்டைத் தொடும் முன் பிரேக் கயிற்றை ஆங்கரில் உள்ள வேறொரு எச்.எம்.எஸ். காரபினரில் மன்டராகப் போடுங்கள். அதற்கும் கீழே ஆட்டோபிளாக் ஒன்று போட்டு உங்கள் பிலே லூப்பில் (ஹார்னெஸ்ஸின் முன்பக்க வளையம்) மாட்டுங்கள். இவை இரண்டும் இருந்தால் தகடு திடீரென்று திறந்தாலும் மன்டர் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் கருத்து: செகண்ட் புதியவர், அல்லது வழி கடினம், இறக்க வேண்டி வரலாம் என்று முன்பே தோன்றினால், தொடக்கத்திலிருந்தே ஆங்கரில் மன்டர் போட்டு பிலே கொடுங்கள். கயிறு முறுக்கிக்கொள்ளும், கையை எடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் எந்த நொடியிலும் இறக்கலாம்.

மேலே இழுக்கக் கப்பி செட் வாங்கலாமா? மூன்றுக்கு ஒன்று முறையில் யார் வேண்டுமானாலும் யாரையும் தூக்கிவிடலாம் என்கிறார்களே? – வாசகர், திருச்சி

இந்த முறையில் சுமைக்கயிறு ஆங்கர் காரபினரில் திரும்பி, அதே சுமைக்கயிற்றில் புருசிக்கால் மாட்டிய நகரும் காரபினரில் மறுபடி திரும்பிக் கைக்கு வரும். காகிதத்தில்தான் அது மூன்றுக்கு ஒன்று. காரபினரில் கயிறு முழுதாகத் திரும்பும்போது இழுவையில் ஏறக்குறைய பாதி உராய்விலேயே போய்விடும். கணக்குப் போடுங்கள்: கையில் 1 பங்கு இழுத்தால் நகரும் காரபினரைத் தாண்டி 0.5, ஆங்கர் காரபினரைத் தாண்டி 0.25. கூட்டினால் 1.75 பங்குதான். 80 கிலோ ஆளைத் தூக்க 46 கிலோ இழுக்க வேண்டும். பாறை விளிம்பில் கயிறு உரசுவது தனி. இரண்டு இடத்திலும் 90 சதவீதத் திறனுள்ள கப்பி போட்டால் 2.71 பங்கு கிடைக்கும்; 30 கிலோ போதும்.

கப்பி ஒன்றுதான் இருக்கிறது என்றால் எங்கே போடுவது? பலர் ஆங்கரில் போடுவார்கள். அது 1.95 பங்கு தரும். அதையே நகரும் புருசிக்கில், அதாவது இழுக்கும் கைக்கு அருகில் இருக்கும் திருப்பத்தில் போட்டால் 2.35 பங்கு. 41 கிலோவுக்கும் 34 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் அது. பூட்டும் கப்பியும் ஒன்றாக உள்ள மைக்ரோ டிராக்‌ஷன் போன்ற கருவி இருந்தால் அது ஆங்கரில்தான் உட்கார வேண்டும், ஏனென்றால் கயிறு திரும்பி ஓடாமல் பிடிப்பது அதன் வேலை. கைடு மோடு தகட்டையே பிடிப்பாக வைத்து இழுத்தால் உராய்வு இன்னும் மோசம். மூன்று மீட்டர் கயிறு இழுத்தால் ஒரு மீட்டர்தான் ஏறுவார் என்பதையும் மறக்க வேண்டாம்.

செகண்ட் நினைவோடு இருந்து 20 மீட்டருக்குள் இருந்தால் இதைவிட எளிய வழி உண்டு. மிச்சக் கயிற்றில் ஒரு மடி எடுத்து, பூட்டுக் காரபினரோடு அவரிடம் இறக்குங்கள். அவர் அதைத் தன் பிலே லூப்பில் மாட்டிக்கொள்வார். நீங்கள் மேலே வரும் முனையை இழுக்க, அவர் ஆங்கரிலிருந்து தன்னை நோக்கி இறங்கும் இழையை இழுக்க, தகடு பிடித்துக்கொண்டே வரும். 60 மீட்டர் கயிற்றுக்கு 20 மீட்டர் என்ற எல்லை, கயிறு மூன்று இழையாகப் போவதால் வருகிறது.

கப்பி வாங்குவது உங்கள் விருப்பம். ஆனால் இறக்குவதற்கு வழி இருக்கும்போது மேலே இழுக்காதீர்கள்.

ராப்பெல் இறங்கும்போது என் தங்கையின் முடி தகட்டில் சிக்கிவிட்டது. கத்தியால் அறுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சரியான முறை என்ன? – வாசகர், மதுரை

கத்தியை எடுக்காதது நல்லது. காவல் ஆட்டோபிளாக் இருந்தால் அது பிடித்துக்கொண்டிருக்கும். தகட்டுக்கு மேலே இரண்டு இழைகளையும் சேர்த்துப் புருசிக் சுற்றி, அதில் 120 செ.மீ. ஸ்லிங்கைக் கால்மிதியாக மாட்டி, அதில் எழுந்து நிற்க வேண்டும். தகட்டிலிருந்து எடை விலகியதும் முடியை உருவிவிடலாம். துப்பட்டா, டி-ஷர்ட் ஓரம், தாடி எல்லாவற்றுக்கும் இதே முறை.

சிக்காமலே இருக்க, தகட்டை ஹார்னெஸ்ஸை ஒட்டி மாட்டாமல், ஸ்லிங் வழியே மார்பளவு உயரத்துக்கு நீட்டி மாட்டுங்கள். ஆட்டோபிளாக் கீழே பிலே லூப்பில் இருக்கட்டும். அது தகட்டைத் தொட்டுவிடாத இடைவெளி முக்கியம். தொட்டால் தகடே அதை அழுத்தி நழுவவிட்டுவிடும். பின்னலைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வது எல்லாவற்றுக்கும் முந்தியது.

ராப்பெல் முடித்துக் கயிற்றை இழுத்தால் பாதியில் நின்றுவிட்டது. புருசிக் போட்டு அதில் ஏறலாமா? – வாசகர், ஈரோடு

இரண்டு முனைகளும் கையில் இருந்தால் ஏறலாம். இரண்டு இழைகளையும் சேர்த்துச் சுற்றுங்கள். கயிறு ஆங்கர் வளையம் வழியே போவதால் அது நகராது. ஏறும்போது சில மீட்டருக்கு ஒரு முறை கீழே உள்ள கயிற்றில் முடிச்சுப் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு முனை மேலே போய்விட்டிருந்தால் அந்த ஒற்றை இழையில் ஒருபோதும் எடை விடாதீர்கள். மேலே எது பிடித்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு கல் இடுக்கில் முனை லேசாக மாட்டியிருக்கலாம், பத்து மீட்டர் ஏறிய பிறகு விடுபடலாம். கையில் உள்ள கயிற்றில் பிலே வாங்கிக்கொண்டு, வழியில் கருவி பதித்து, லீடராக ஏறிப் போவதுதான் முறை. அது முடியாது என்றால் எட்டும் இடத்தில் அறுத்து, கிடைத்த துண்டோடு சிறு சிறு ராப்பெலாக இறங்குங்கள்.

இரண்டு கயிறுகளை இணைக்கும்போது இரு முனைகளையும் ஒரே பக்கமாகச் சேர்த்துப் பிடித்துத் தட்டைச் சாதா முடிச்சு போட்டு, வால் 30 செ.மீ.க்குக் குறையாமல் விட்டு, நான்கு இழைகளையும் தனித்தனியே இறுக்குங்கள். விளிம்பில் சிக்குவது இதில் குறைவு. இதே பாணியில் எட்டு முடிச்சு போடக் கூடாது. எடையில் அது உருண்டு வாலைத் தின்றுவிடும். கடைசி ஆள் இறங்கும் முன் கீழே இருப்பவர் ஒரு முறை இழுத்துப் பார்க்கட்டும். முனை முடிச்சுகளை அவிழ்த்த பிறகே இழுக்க வேண்டும்.

ராமநகரம் பக்கம் தேனீக் கொட்டுக்குப் பயப்படுகிறோம். கயிற்றில் இருக்கும்போது வந்தால்? – வாசகி, வேலூர்

நம் பாறைகளில் இது நிஜமான ஆபத்து. மலைத்தேனீக்கள் செங்குத்துப் பாறையின் தொங்கலான விளிம்புகளில் பெரிய அடைகளாகக் கூடு கட்டும். சீண்டினால் கூட்டமாகத் துரத்தும். ஏறும் முன் வழியையும் அதன் இரு பக்கங்களையும் கீழிருந்து நன்றாகப் பாருங்கள். கரும்பழுப்பாக அரைவட்டத் திட்டு தெரிந்தால் அன்று அந்தப் பாறை வேண்டாம். வாசனைத் திரவியம், சிகரெட், அடுப்புப் புகை, கூச்சல் எதுவும் கூடாது.

வந்துவிட்டால் லீடரை உடனே இறக்குங்கள். அவர் சொல்லக் காத்திருக்க வேண்டாம். ராப்பெலில் இருப்பவரின் கை தன்னையறியாமல் முகத்துக்குப் போகும். பிரேக் கயிறு விடுபட்டுவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஆட்டோபிளாக் இல்லாமல் இங்கே இறங்கக் கூடாது. கீழே ஆள் இருந்தால் கயிற்று முனைகளை இறுக இழுத்தே அவரை நிறுத்தலாம். அடிக்க முயலாதீர்கள், நசுங்கும் தேனீயின் வாசனை மற்றவற்றை இன்னும் கூப்பிடும். முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு தொடர்ந்து நகருங்கள். பத்திரமான இடம் வந்ததும் கொடுக்குகளை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுங்கள்; நகத்தாலா அட்டையாலா என்பது முக்கியமில்லை. உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ தலை சுற்றினாலோ உடனே 108. ஒவ்வாமை இருப்பது முன்பே தெரிந்தவர்கள் மருத்துவர் எழுதித்தரும் அட்ரினலின் ஊசியைத் தரையில் விட்ட பையில் வைக்காமல் தங்களோடு மேலே கொண்டுபோக வேண்டும்.

ஹார்னெஸ்ஸில் வெறுமனே தொங்கினாலே உயிருக்கு ஆபத்து என்பது உண்மையா? – வாசகர், சேலம்

அசையாமல் தொங்கினால் உண்மை. காலில் தேங்கும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல், சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். நினைவோடு இருப்பவர் ஸ்லிங்கைக் கால்மிதியாக்கி அதில் நிற்க வேண்டும், அல்லது பாறையைக் கால்களால் மாறி மாறி உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மயங்கியவரைக் கீழே கொண்டுவருவது அவசரம். காலில் எலும்பு முறிவு இருந்தாலும் அது அடுத்ததுதான். இறக்கிய பின் அரை மணி நேரம் உட்கார்த்தியே வைக்க வேண்டும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று பிரிட்டனின் தொழிற் பாதுகாப்புத் துறை 2009-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. தட்டையாகப் படுக்க வையுங்கள், மூச்சுப்பாதையைக் கவனியுங்கள்.

பிலே தகடு கை தவறிக் கீழே விழுந்துவிட்டால்? – வாசகர், நாகர்கோவில்

மன்டர். எச்.எம்.எஸ். காரபினர் ஒன்று போதும். பிலேயும் கொடுக்கலாம், ராப்பெலும் இறங்கலாம். பிரேக் இழை காரபினரின் வாய்க்கு எதிர்ப்பக்கம் போகும்படி போடுங்கள்; வாய்ப்பக்கம் போனால் உராய்ந்து பூட்டைத் திருகித் திறந்துவிடக்கூடும்.

இதையெல்லாம் எங்கே பழகுவது? பாறையிலேயே பழகலாமா? – வாசகர், தஞ்சாவூர்

தரையில் தொடங்குங்கள். வேப்ப மரக் கிளையோ மாடிப்படிக் கைப்பிடியோ ஆங்கராக வைத்து, மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, மேலே சொன்ன விடுபடும் முறையை முதலில் கண்ணால் பார்த்தும் பிறகு கண்ணை மூடியும் செய்யுங்கள். மியூல் முடிச்சில் எல்லோரும் செய்யும் தவறு, மடியைச் சுமைக்கயிற்றின் தவறான பக்கம் சுற்றுவது. இழுத்தால் மொத்தமாகக் கழன்றுவிடும். மூட்டை தரையில் விழுந்தால் நஷ்டமில்லை. அடுத்து, மூட்டைக்குப் பதில் நண்பர். அவர் கால் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகாமல், தனிக் கயிற்றில் காவல் பிலேயோடு. அதற்குப் பிறகே பாறை.

முறையாகப் படிக்க விரும்புவோருக்கு டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் (1954), உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் (1965) இருக்கின்றன. உத்தரகாசியில் அடிப்படை, மேல்நிலைப் படிப்புகளை முடித்தவர்களுக்குத் தேடல் மீட்புப் பயிற்சியும் உண்டு.

புருசிக் கயிற்றை எப்போது தூக்கிப் போட வேண்டும்? – அதே வாசகர்

விரலால் வளைத்தால் கம்பி போல் விறைத்திருந்தாலோ, மேலுறை உருகிப் பளபளப்பாகியிருந்தாலோ, உறை கிழிந்து உள்ளிழை தெரிந்தாலோ அன்றே. ஒன்றும் தெரியாவிட்டாலும், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும், பத்து ஆண்டுகளுக்கு மேல் நைலானை நம்பாதீர்கள். அடிக்கடி ஏறுபவர்கள் ஓரிரு ஆண்டுகளில் மாற்றுவது நல்லது, விலை அதிகமில்லை. ஸ்கூட்டர் டிக்கியிலோ கார் டிக்கியிலோ பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பேட்டரி அமிலத்தின் ஆவி பட்டாலே நைலான் பலமிழக்கும். வெளியில் பார்த்தால் நிறம்கூட மாறியிருக்காது.